இரும்புச் சிலுவையின் வளையம்

எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரைக்காரர் "எங்கை வேலை?" என்று கேட்டால், "ஒரு ஏலக் கடையில்" என்று மட்டும் சொல்லித் தப்பப் பார்ப்பேன். விடமாட்டார்கள். என்ன சாமான் என்று தோண்டுவார்கள். பழைய ஜேர்மன் இராணுவப் பதக்கங்கள் என்றதும் வாய்க்குப் போன வடை பாதியில் நிற்கும். "அப்ப நாஜிகளின்ரை சாமானோ? அதையெல்லாம் ஆர் அக்கா வாங்கினம்?" என்பார்கள். அந்தக் கேள்வியை நானே எனக்குள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பதில் கிடைத்தால் உங்களுக்கும் சொல்லி அனுப்புகிறேன் என்று வாய்வரை வரும். அடக்கிக்கொண்டு பாயசம் குடிப்பேன்.

இந்த வேலை என் தலையில் விழுந்ததற்கு டொச், அதாவது ஜேர்மன் மொழிதான் காரணம். லண்டனுக்கு வருமுன் நானும் கணவரும் ஜேர்மனியில் இருந்தோம். அகதி முகாமில் வேலை செய்ய விடமாட்டார்கள், ஊர் எல்லையைத் தாண்டவும் விடமாட்டார்கள். நடந்து போவதற்கு இருந்தது ஒரு கல்லறைத் தோட்டம் மட்டுமே. கொக்கி கொக்கியாக இருக்கும் பழைய ஜேர்மன் எழுத்தை அங்கே செத்தவர்களின் பெயர்களில்தான் வாசித்துப் பழகினேன். அந்தப் படிப்புத்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பதக்கத்துக்கும் நான் விவரம் எழுத வேண்டும். எந்தப் பட்டறை, எந்தக் காலம், அசலா போலியா. இரும்புச் சிலுவை என்கிற வீரப் பதக்கத்தில் பட்டறையின் முத்திரை பெரும்பாலும் சிலுவையில் இருக்காது, நாடா கோக்கிற வளையத்தில்தான் இருக்கும். எறும்பின் தலையளவு எழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. முதலாம் உலகப் போரில் பட்டறைகள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைக் குத்தின, சில ஒன்றுமே குத்தவில்லை. இரண்டாம் போரில் அரசு பட்டறைகளுக்கு எண் கொடுத்தது, வளையத்தில் எண் விழுந்தது. இதிலே ஒரு சிக்கல் உண்டு. முதல் போரின் சிலுவையைத் தொலைத்தவர்களுக்காக, 1914 என்று பொறித்த அதே சிலுவையை நாஜிக் காலத்திலும் திரும்பச் செய்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் வளையத்தில் எண்ணைக் கண்டால் எங்கள் கடையில் யாரும் மேற்கொண்டு மினக்கெடுவதில்லை. "பிற்காலத்தது" என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்போம். கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுவேன். சவர்க்காரம் போதாது என்று தோன்றுகிற நாட்களும் உண்டு.

லண்டன் ஸ்ட்ரெதத்தில் எங்கள் பிளாட்டுக்கு நேர் கீழே ஒரு வயதான அம்மா இருந்தார். பிறந்தது லண்டன்தான். தாயும் தகப்பனும் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள். வீட்டுக்குள்ளே டொச், வாசலைத் தாண்டினால் இங்கிலிஷ் என்று வளர்ந்தவர். தகப்பன் செத்த பிறகு டொச் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார். ஒருநாள் லிப்ட் வேலை செய்யாமல் நான் மரக்கறிப் பையோடு படியில் நின்று டொச்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். அவர் கதவைத் திறந்து, "அதை அப்படி உச்சரிக்கக் கூடாது" என்று திருத்தினார். அன்றிலிருந்து சனிக்கிழமைப் பின்னேரத் தேத்தண்ணி அவர் வீட்டில் என்று ஆகிப் போனது. என் கணவர் செத்த கிழமை முழுக்க உப்பே போடாத சூப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் ஆட்கள் எட்டுச் சடங்கோடு காணாமல் போனார்கள். அவர் பேசியதை இங்கே என் தமிழில்தான் எழுத முடியும். எனக்கு அவர் குரல் இப்போது அப்படித்தான் கேட்கிறது.

அவர் தகப்பனின் சிலுவையைப் பற்றி எனக்கு வெகுகாலமாகத் தெரியும், ஆனால் கண்டதில்லை. வேலையில் பார்க்கிற சாமானைச் சனிக்கிழமையும் பார்க்க எனக்கு விருப்பமில்லை. தகப்பன் முதல் போரில் ஜேர்மன் படையில் சண்டை பிடித்து அந்தச் சிலுவையை வாங்கியவர். நாஜிகள் வந்தபோது மனைவியின் தாய் தகப்பனிடம், "நாட்டுக்காக இரத்தம் சிந்தினவன் நான். இந்தச் சிலுவை இருக்கிற வீட்டை ஒருத்தரும் தொடமாட்டினம். அவசரப்பட வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பினார்கள், அவசரப்படவில்லை. போர் தொடங்கச் சற்று முன் மகளும் மருமகனும் மட்டும் எப்படியோ லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். கிழவன் கிழவிக்கு நாட்டை விட்டுப் போகப் பாஸ் கிடைக்கவில்லை. அவர்களைப் பிறகு எங்கே கொண்டுபோனார்கள் என்பதைச் சொல்லும்போது அந்த அம்மா ஊரின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார். நானும் கேட்கமாட்டேன்.

போன வருடம் பனிக்காலத்தில் அவருக்கு வருத்தம் முற்றிவிட்டது. புற்று ஈரலுக்கு ஏறிவிட்டது என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஒரே மகன், கிங்ஸ்பரிப் பக்கம் இருக்கிறவர், வந்து வீட்டை ஒதுக்கத் தொடங்கினார். வழக்கறிஞர். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் சரிபார்க்காமல் விடாத ஆள். சிலுவையைப் படம் பிடித்து இணையத்தில் பதக்கம் சேர்க்கிறவர்களிடம் காட்டியிருக்கிறார். வளையத்தில் இருக்கிற எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து அவர்கள் பதில் போட்டுவிட்டார்கள்: எண்ணுள்ள வளையம் இரண்டாம் போர்க் காலத்தது, உங்கள் தாத்தா நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு செய்தது. அவர் அதைக் கொண்டுபோயிருக்கச் சாத்தியமே இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கீழே போனபோது மேசையில் தேத்தண்ணி இல்லை. சீருடையோடு தகப்பன் நிற்கிற படம் சுவரில் இல்லை. அதைக் கழற்றிச் சமையல் துவாய்கள் வைக்கிற லாச்சியை இழுத்து, அதற்குள் குப்புறப் போட்டிருந்தார்.

"என்ரை மகன் சொல்லுறான், அப்பா அதைச் சண்டை முடிஞ்ச பிறகு லண்டன் சந்தையிலை வாங்கியிருப்பாராம்" என்றார். "மெதுவாத்தான் சொன்னவன். எனக்கு நோகக் கூடாது எண்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவன்."

நான் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பாட்டைச் சிலுவை இருந்து அவர் நம்பினவர் எண்டால் அது அறியாமை. அந்த நேரம் எத்தினையோ பேர் அப்பிடி நம்பினவை. இல்லாத சிலுவையைக் காட்டித்தான் அம்மம்மாவையும் அம்மப்பாவையும் அங்கை இருக்க வைச்சவர் எண்டால்…" அவர் நிறுத்தினார். "நான் சாக முன்னம் எனக்கு இது ஒண்டு தெரிய வேணும். அப்பா பொய்யரோ? உங்களுக்கு இதுதானே வேலை. பாத்துச் சொல்லுங்கோ."

எனக்கு அந்த மகன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு கிழவி இன்னும் கொஞ்ச நாள் தகப்பனை நம்பிவிட்டுப் போனால் யாருடைய குடி முழுகப் போகிறது? ஆனால் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து சிலுவையை என் உள்ளங்கையில் வைத்தார். கைப்பைக்குள் எப்போதும் கிடக்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஜன்னலடிக்குப் போனேன். மழை இருட்டு. மின்விளக்கைப் போட்டு வளையத்தைத் திருப்பினேன். எண் பளிச்சென்று இருந்தது. அந்த எண்ணை நான் எங்கள் கடையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். சுவஸ்திகாச் சிலுவைகளில் வருகிற எண்.

"வெளிச்சம் காணாது. நாளைக்குக் காலமை வாறன்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடி வந்துவிட்டேன்.

வந்து கண்ணாடியைக் கட்டிலுக்குப் பக்கத்து லாச்சியில் வைக்கப் போனேன். என் தாலிக்கொடியும் அதற்குள்தான் கிடந்தது. கணவர் செத்தபோது கழற்றினது. அதை வேறு எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை. கையில் கண்ணாடி இருந்த பழக்கதோஷத்தில் கொடியைப் பூட்டுகிற கொழுவியைப் பிடித்துப் பார்த்தேன். அதுவரை பார்த்ததே இல்லை. ஊர் உலகத்துப் பதக்கமெல்லாம் பார்த்தவள் என் கழுத்தில் கிடந்ததைப் பார்க்கவில்லை. இங்கிலாந்துத் தங்க முத்திரை வரிசையாக இருந்தது, வருடத்தைக் காட்டும் எழுத்தும் சேர்த்து. நாங்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்த காலம்.

என் கலியாணம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. நாள் பார்த்துப் பொன்னுருக்கி, எங்கள் வீட்டு விறாந்தையிலேயே தட்டார் செய்த தாலி. அதில் எந்த முத்திரையும் கிடையாது. ஜேர்மனியில் இருந்தபோது தம்பியை ஊரிலிருந்து வெளியே எடுக்க, ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் கட்ட வழியில்லாமல் கொடியை விற்றோம். எங்கள் ஆட்களில் அப்படி விற்காத வீடு குறைவு. தாலியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டு, மேலே சுவெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு லண்டனில் கையில் நாலு காசு சேர்ந்ததும் சவுத்தாலில் புதுக் கொடி வாங்கி, பழைய தாலியை அதில் கோத்தோம். எங்கள் கடையில் ஒருவரிடம் இதைக் கொடுத்தால், கொழுவியைப் பார்த்து, லண்டனில் செய்தது, பிற்காலத்தது என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பார். நானே அப்படித்தான் எழுதுவேன்.

கட்டிலில் அப்படியே இருந்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சிலுவை வாசிப்பதாக நினைத்துக்கொண்டு வளையத்தைத்தான் வாசிக்கிறோம். வளையத்தைக் குறட்டால் விரித்தால் கழன்று வந்துவிடும்.

அடுத்த நாள் காலையில் நல்ல வெளிச்சம். அளவுகோல், காந்தம், கண்ணாடி எல்லாவற்றையும் கொண்டு கீழே போனேன். இந்த முறை வளையத்தைத் தொடவே இல்லை. சிலுவையின் அகலத்தை எடுத்தேன். பிற்காலத்தில் செய்தவை அநேகமாக ஒரு நூலளவு பெரிதாக இருக்கும், இது சிறிது. கருப்புப் பூச்சு உரிந்த இடத்தில் உள்ளே இரும்பு, காந்தம் கவ்வியது. 1914 என்ற எண்களின் வளைவையும் மேல் கையில் பொறித்த கிரீடத்தின் வடிவத்தையும், கடையில் முதல் போருக்குரியது என்று ஐயமில்லாமல் தெரிந்த சிலுவைகளின் படங்களோடு ஒப்பிட்டேன். நாலின் கால் ஒரு பக்கம் தடித்திருந்தது. படத்திலும் அப்படியே. கடைசியாக, வளையம் மாட்டுகிற கண்ணைப் பார்த்தேன். அதன் உள்பக்கத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று தேய்ந்திருந்தது. இப்போது இருக்கிற வளையம் தடிப்பு. அந்தப் பள்ளத்துக்குள் அது இறங்கவே இல்லை. வேறொரு மெல்லிய வளையம் அங்கே பல காலம் கிடந்து தேய்த்திருக்கிறது.

லாச்சிக்குள் இருந்த படத்தையும் கேட்டு வாங்கினேன். அதிலே தகப்பனின் மார்பில் சிலுவை இல்லை, அதையும் மகன் குறித்து வைத்திருந்தாராம். இது இரண்டாம் தரச் சிலுவை, இதைக் கொடுத்த அன்றைக்கு மட்டும்தான் மார்பில் குத்துவார்கள். பிறகு சட்டையின் பொத்தான் துளையில் நாடாவை மட்டும் செருகுவார்கள். படத்தில் இரண்டாவது பொத்தானடியில் நாடா தெரிந்தது.

"உங்கடை அப்பா பொய்யர் இல்லை" என்றேன். "சிலுவை முதல் சண்டையிலை செய்தது. வளையம் மட்டும்தான் வேறை."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு அவர் கேட்டார், நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை.

"அப்ப வளையம் ஆரின்ரை?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் உண்மையைக் கேட்டு வாங்கிய மனுசிக்குப் பாதியைக் கொடுக்க எனக்கு ஏலவில்லை. நாஜிப் படையின் சிலுவையில் இருந்து கழற்றினது என்றேன். போர் முடிந்து வந்த இங்கிலிஷ் சிப்பாய்கள் அப்படிப்பட்ட சிலுவைகளை நினைவுப் பொருளாகக் கொண்டுவந்து கண்ட நின்ற இடமெல்லாம் விற்றார்கள். அதில் ஒன்றாக இருக்கும்.

கெட்டில் கொதித்து நின்றது, இருவரும் எழும்பவில்லை. அவருடைய தகப்பன் லண்டனில் ஒரு கடையின் பின்னறையில் மணிக்கூடு திருத்துகிற வேலை செய்தவர். நான் அதை மறந்திருந்தேன்.

"அப்பாதான் போட்டிருக்கிறார்" என்றார் கடைசியில். "செத்த மணிக்கூட்டிலை இருந்து பல்லுச் சில்லைக் கழட்டி ஓடுற மணிக்கூட்டுக்குப் போடுவார். ஆரின்ரை மணிக்கூடு எண்டு பாக்கமாட்டார், அளவு சரியோ எண்டுதான் பாப்பார்." சிலுவையை வாங்கி வளையத்தை விரலால் தடவினார். "இதென்ன இது, இரண்டு பக்கமும் நசிஞ்சு கிடக்கு?"

கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். வளையத்தை மூடின இடத்தில் குறடு கடித்த இரண்டு பள்ளங்கள். நல்ல தொழிலாளி கடதாசி சுற்றிப் பிடித்திருப்பான், தடம் விழாது.

"அப்பா குறட்டுத் தடம் விழ விடமாட்டார். வேலை பழக வாற பெடியங்களை அதுக்கே ஏசுவார்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "கை நடுங்கியிருக்கு. அப்பாவுக்கு இது என்னெண்டு தெரியும். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் இதைக் கொழுவியிருக்கிறார்."

பழைய வளையம் எப்படிப் போனது, ஏன் அவர் போயும் போயும் அதை எடுத்து மாட்டினார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. வளையத்தைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன். கடையில் எதையும் கழற்றக் கூடாது என்பது எங்கள் விதி, என்றாலும் கேட்டேன். "வேண்டாம்" என்றார். "இந்தச் சிலுவையைப் போல ஆயிரம் சிலுவை அந்தப் பட்டறையிலை செய்திருப்பினம். இந்த நசிவு மட்டும்தான் அப்பா செய்தது." படத்தை நான் திரும்பச் சுவரில் மாட்டினேன். கொஞ்சம் சரிவாகத்தான் மாட்டினேன், அவர் திருத்தச் சொன்னார்.

அதன் பிறகு அந்தச் சிலுவை கூட்டுக்குள் போகவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் அவர் கட்டைவிரல் அந்த இரண்டு பள்ளத்தில் போய் இருக்கும். வலி வருகிற நேரம் அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் கவனியாதது போல வேறெதையாவது பேசுவேன், பெரும்பாலும் எங்கள் ஆட்களைத் திட்டுவேன். அவருக்கு அது பிடிக்கும்.

வசந்தம் பிறந்தபோது அவரைக் கடைசிக் காலத்தவர்களைப் பார்க்கிற ஒரு இல்லத்துக்கு மாற்றினார்கள். நான் கண்டுபிடித்ததை மகனிடம் அவரே சொல்லியிருந்தார். மகன் ஒருநாள் எனக்குப் போன் பண்ணி நன்றி சொன்னார். தான் அம்மாவின் மனத்தை நோகடித்துவிட்டதாகவும் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் சொன்னார். "பேசாமல் பக்கத்திலை இருங்கோ, அது போதும்" என்றேன் நான்.

அடுத்த தரம் நான் இல்லத்துக்குப் போனபோது மகனும் அங்கே இருந்தார். அம்மா தலையணையில் பாதி சாய்ந்திருந்தார், கண் அரைவாசி மூடியிருந்தது. மகன் பைக்குள் இருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தார், நீல வெல்வெட் போட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"அம்மா, அந்த அசிங்கம் பிடிச்ச வளையம் இனி இல்லை" என்றார் இங்கிலிஷில். "நீங்கள் நித்திரையா இருக்கேக்கை எடுத்துக்கொண்டு போனனான். பதக்கம் விக்கிற ஒருத்தரிட்டை முதல் சண்டைக் காலத்து வளையம் ஒண்டு தேடி எடுத்துப் போட்டிருக்கிறன். முத்திரையே இல்லாதது, மெல்லிசு, அந்தப் பள்ளத்துக்குள்ளை அப்பிடியே இருக்குது. இப்ப எல்லாம் சரியா இருக்கு. அவங்களின்ரை ஒண்டும் இதிலை இல்லை."

பழைய வளையம் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் குப்பையில் போட்டுவிட்டார் என்றார் பெருமையோடு.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. உலுக்கி என்ன பயன்? தாய்க்காக லண்டன் முழுக்க அலைந்திருக்கிறார். எங்கள் கடையில் யாரைக் கேட்டாலும் மெத்தச் சரியான வேலை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவர் சிலுவையைத் தாயின் கையில் வைத்தார். கட்டைவிரல் வளையத்துக்குப் போனது. ஒருதரம் சுற்றியது. திரும்பவும் சுற்றியது. பிறகு மெதுவாக நின்றுவிட்டது. அம்மா கண்ணைத் திறந்து மகனைப் பார்த்துச் சிரித்தார். "தாங்க்யூ டார்லிங்" என்று அவர் கன்னத்தைத் தடவினார்.

பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, மகனுக்குத் தெரியாத டொச்சில், மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இப்ப இது எல்லாரின்ரை சிலுவையையும் போல இருக்கு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மகன் கண் கலங்க என்னைப் பார்த்தார்.

"அம்மா என்ன சொன்னவ?"

"வடிவா இருக்காம்" என்றேன்.